பாஸ்க், ஐஸ்லாந்து வம்சாவளியினரை ஒப்பிட: அமெரிக்கக் கணக்கெடுப்புத் தளமும் ஐபம்ஸும் – ஒரு மதிப்புரை

அமெரிக்காவில், ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லைப் பகுதியைச் சேர்ந்த பாஸ்க் மக்களின் வம்சாவளியினர் வசதியாக இருக்கிறார்களா, ஐஸ்லாந்து வம்சாவளியினரா? இதற்கு விடை தேடுகிறவர் முதலில் திறப்பது அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் டேட்டா.சென்சஸ்.கவ் தளம். கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். எத்தனை பேர் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எதுவரை படித்திருக்கிறார்கள் என்பது அங்கே தெரியாது. அதற்கு மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்தும் ஐபம்ஸ் தளத்துக்குப் போக வேண்டும். அதுவும் இலவசம்தான், பதிவு மட்டும் தேவை. இரண்டையும் இந்த ஒரே கேள்வியை வைத்து இங்கே சோதித்துப் பார்க்கலாம். ஐபம்ஸ் நல்ல கருவி. ஆனால் அது தரும் முதல் எண்ணை அப்படியே எடுத்து எழுதினால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவோம்.

ஏன் என்று புரிய இந்த இரு சமூகங்களின் பின்னணி கொஞ்சம் தெரிய வேண்டும். ஐஸ்லாந்தியர் சிலர் 1855-லேயே யூட்டாவின் ஸ்பானிஷ் ஃபோர்க்கில் குடியேறினாலும், பெருங்கூட்டம் வட அமெரிக்காவுக்கு வந்தது 1870-க்கும் 1914-க்கும் இடையில். 1875-இல் ஆஸ்க்யா எரிமலை வெடித்து மேய்ச்சல் நிலங்களைச் சாம்பல் மூடியது அதற்கு ஒரு காரணம். வடக்கு டகோட்டாவின் பெம்பினா கவுண்டியிலும் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற பிரிவு) மினசோட்டாவின் மினியோட்டாவிலும் நிலம் பிடித்து விவசாயம் செய்தார்கள். பாஸ்க் மக்கள் 1849 தங்க வேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியாவுக்கு வந்து, செம்மறி வளர்ப்புக்கு மாறி, நெவாடா, ஐடஹோ என்று பரவினார்கள். 1934-இன் டெய்லர் மேய்ச்சல் சட்டம் சொந்த நிலம் இல்லாத நாடோடி மேய்ப்பர்களுக்குப் பொது மேய்ச்சல் நிலத்தை அடைத்துவிட்டது. பிறகு மேய்க்க ஆள் இல்லை என்று பண்ணையாளர்கள் முறையிட, 1950-களில் நாடாளுமன்றமே தனிச் சட்டங்கள் போட்டு மறுபடியும் மேய்ப்பர்களை வரவழைத்தது. ஆகவே ஐஸ்லாந்து வம்சாவளியில் இன்று பெரும்பாலோர் நான்காம் ஐந்தாம் தலைமுறை. பாஸ்க் குடும்பங்களிலோ, கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கியவரின் பிள்ளைகளே இன்னும் இருக்கிறார்கள். ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை வித்தியாசத்தை எந்த அட்டவணையும் தானாகச் சொல்லாது.

முதலில் கணக்கெடுப்புத் தளம். தேடல் பெட்டியில் பி04006 (B04006) என்று அட்டவணை எண்ணையே நேரடியாக இடுங்கள். அதுதான் பூர்வீகம் தெரிவித்தவர்களின் பட்டியல். பாஸ்க் அப்படியே இருக்கும். ஐஸ்லாந்து ‘ஐஸ்லாண்டர்’ என்ற பெயரில் இருக்கும். அடுத்து, ஆண்டுதோறும் மாதிரி வீடுகளில் நடக்கும் அமெரிக்கச் சமூகக் கருத்தாய்வின், அதாவது ஏசிஎஸ்ஸின், 5 ஆண்டுத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். தளம் சில நேரம் 1 ஆண்டுத் தொகுப்பைத்தான் முதலில் காட்டும். அது 65,000 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு மட்டும் உரியது. மாநிலம், கவுண்டி என்று இடத்தைக் குறுக்கிய பிறகு பிழை வரம்பு நெடுவரிசையை மறைக்காமல் வையுங்கள். மதிப்பீடு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சொல்லும் அது, 90 சதவீத நம்பக அளவில் கணக்கிட்டது. சிறிய கவுண்டிகளில் மதிப்பீட்டைவிடப் பிழை வரம்பே பெரிதாக இருப்பதைப் பார்ப்பீர்கள். அப்படிப்பட்ட வரிசைகளை ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது.

இந்த அட்டவணையின் வரிகளைக் கூட்டிப் பார்ப்பது வழக்கமான தவறு. இரண்டு பூர்வீகம் எழுதியவர் இரண்டு வரியிலும் எண்ணப்படுவார். மொத்தம் மக்கள்தொகையைத் தாண்டிவிடும். ஒரே பூர்வீகம் எழுதியவர்கள் மட்டும் வேண்டுமென்றால் பி04004, கலப்புப் பூர்வீகத்தார் வேண்டுமென்றால் பி04005.

எண்ணிக்கையே எவ்வளவு நம்பகம் என்பதற்குக் கேள்வித்தாளைப் பார்க்க வேண்டும். “இவருடைய பூர்வீகம் அல்லது இன மூலம் என்ன?” என்று கேட்டுவிட்டு, எடுத்துக்காட்டாக இத்தாலியர், ஜமைக்கர், நார்வேஜியர், லெபனானியர் என்று ஒரு நீண்ட வரிசை தருகிறார்கள். அதில் பாஸ்க்கும் இல்லை, ஐஸ்லாந்தும் இல்லை. எடுத்துக்காட்டில் இருக்கும் பெயரைத்தான் மக்கள் கூடுதலாக எழுதுவார்கள் என்பது இத்துறையில் பழகியவர்கள் அறிந்தது. மேலும், எழுதியதில் முதல் இரண்டை மட்டுமே குறியீடாக மாற்றுகிறார்கள். ஜெர்மன், நார்வேஜியர், ஐஸ்லாந்தியர் என்று வரிசையாக எழுதிய மினசோட்டாக்காரரின் ஐஸ்லாந்து அங்கேயே விழுந்துவிடும். வெறும் ‘ஸ்காண்டிநேவியர்’ என்று எழுதியவரும் தனிக் குறியீட்டுக்குப் போய்விடுவார். பாஸ்க் பக்கத்தில் ‘ஸ்பானியர்’, ‘பிரெஞ்சு’ என்று எழுதியவர்களுக்கும் இதே கதி. இந்தக் கேள்வியை விட்டுவிட்டவர்களுக்கு யூகித்து நிரப்பும் முறையும் இல்லை; அவர்கள் ‘தெரிவிக்காதவர்’ வரிக்குப் போகிறார்கள். எனவே நம் கையில் இருப்பது ரத்த வழியில் பாஸ்க் அல்லது ஐஸ்லாந்தியராக இருப்பவர் எல்லாருடைய எண்ணிக்கையும் அன்று. அந்தப் பெயரை இன்னும் நினைவில் வைத்து எழுதுகிறவர்களின் எண்ணிக்கை. படித்தவர்களும் விழா, சங்கம் என்று ஈடுபாடு உள்ளவர்களும் நினைவில் வைத்து எழுதக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்றால், அவர்களின் சராசரி வருமானமும் அந்த அளவுக்கு மேலே தெரியும். இரு சமூகத்திலும் இந்தச் சாய்வு ஒரே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐஸ்லாந்து வம்சாவளியில் கலப்பு அதிகம் என்பதால் அங்கே மறந்துபோனவர்களும் அதிகம் என்றே கொள்ள வேண்டும்.

பூர்வீகக் கேள்வி 1980-இல்தான் வந்தது. அந்த ஆண்டு பாஸ்க் 43,140, ஐஸ்லாந்து 32,586. 1990-இல் 47,956, 40,529. 2000-இல் 57,793, 42,716. பாஸ்க் எண்ணிக்கை இருபதே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியதைப் பிறப்பு விகிதமோ குடியேற்றமோ விளக்காது. 1960-களிலும் 70-களிலும் எழுந்த பண்பாட்டு ஈடுபாடுதான் பெரிய காரணம்: நெவாடாவின் எல்கோவில் 1964-இல் தொடங்கிய தேசிய பாஸ்க் விழா, அதே மாநிலத்து ரீனோவில் 1967-இல் உருவான பாஸ்க் ஆய்வு மையம், 1973-இல் சங்கங்களை ஒன்றிணைத்த நேபோ அமைப்பு. பெயரைச் சொல்ல வெட்கம் போய்ப் பெருமை வந்தபோது படிவத்திலும் அது ஏறியது. 2000-இன் எண்ணிக்கைக்குள் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 41,811 பேர் வெறுமனே ‘பாஸ்க்’ என்றும், 9,296 பேர் ‘பிரெஞ்சு பாஸ்க்’ என்றும், 6,686 பேர் ‘ஸ்பானிஷ் பாஸ்க்’ என்றும் எழுதியிருந்தார்கள். இன்றைய ஏசிஎஸ் பொதுக் கோப்பில் இந்தப் பிரிவு கிடைக்காது, மூன்றும் ஒரே குறியீட்டில் அடங்கிவிடும். கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு, சீனோ பக்கத்துப் பிரெஞ்சு பாஸ்க் குடும்பங்களையும், பெரும்பாலும் ஸ்பெயினின் பிஸ்காயா மாகாணத்திலிருந்து வந்த, ஐடஹோவின் பாய்சி நகரக் குடும்பங்களையும் தனித்தனியாகப் பார்க்க நினைப்பவருக்கு இது பெரிய இழப்பு.

எண்ணிக்கை வரைக்கும் கணக்கெடுப்புத் தளத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். பழைய அமெரிக்கன் ஃபேக்ட்ஃபைண்டர் 2020 மார்ச் 31-இல் மூடப்பட்டபோது பலர் வருந்தினார்கள். புதிய தளம் தேடுவதற்கு எளிது. ஆனால் பூர்வீகத்தோடு வருமானம், படிப்பு, வேலை ஆகியவற்றைக் குறுக்கே வைத்துக் காட்டும் எஸ்0201 என்ற அட்டவணை பெரிய குழுக்களுக்காக அமைந்தது. ஐம்பது அறுபதாயிரம் பேர் உள்ள சமூகத்துக்கு அதை நம்பி உட்கார முடியாது. 2020 கணக்கெடுப்பின் விரிவான இனக் கோப்புகளில் ஒருவர் எழுதியதில் ஆறு பெயர்கள் வரை குறியீடாக மாற்றினார்கள். அது நல்ல முன்னேற்றம். எனினும் அதில் கிடைப்பது வயது, பாலினம், குடும்ப வகை, சொந்த வீடா வாடகையா என்பது மட்டுமே. வருமானக் கேள்வி அந்தக் கணக்கெடுப்பில் கிடையாது.

அதே தளத்தின் இன்னொரு மூலையில் எம்டாட் என்ற நுண்தரவுக் கருவி இருக்கிறது. ஆள்வாரியான பதிவுகளிலிருந்து நாமே அட்டவணை அமைக்கலாம். பூர்வீக மாறி ஏஎன்சி1பி. அதில் பாஸ்க் 005, ஐஸ்லாந்து 049. இவ்விரண்டையும் மட்டும் வைத்து மற்றவற்றை ஒரே கட்டாகத் திரட்டி, கல்வி மாறியைக் குறுக்கே வைத்தால் ஐந்து நிமிடத்தில் அட்டவணை தயார். இதன் குறை, அட்டவணையோடு பிழை வரம்பு வராது. இவ்வளவு சிறிய குழுவுக்குப் பிழை வரம்பில்லாத சதவீதம் ஆபத்தானது. ஒரு முன்னோட்டம் பார்க்க எம்டாட் போதும். அதை வைத்து எதையும் எழுதிவிடாதீர்கள்.

இனி ஐபம்ஸ். 5 ஆண்டு ஏசிஎஸ் மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 சதவீதம். 2020-இன் தனி ஆண்டுக் கோப்பைத் தொடாதீர்கள். பெருந்தொற்றில் பதில்கள் குறைந்ததால் அதைச் சோதனை வெளியீடாகத்தான் தந்தார்கள். மாறிகளில் ஆன்செஸ்டர்1, ஆன்செஸ்டர்2, வயது, பிறந்த நாடு, விரிவான கல்வி, குடும்ப வருமானம், தனிநபர் வருமானம், வறுமை விகிதம், வீட்டு உரிமை, தொழில், துறை, மாநிலம், அத்துடன் ஆள் எடை, வீட்டு எடை, 80 மறு எடைகள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை என்பது மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்கு, ஒரு வீடு எத்தனை வீட்டுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்; மறு எடைகள் பிழை வரம்பைக் கணக்கிட.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முழுக் கோப்பு ஒன்றரைக் கோடிப் பதிவுகளுக்கு மேல். சாதாரண மடிக்கணினி திணறும். அதனால் ‘பதிவுகளைத் தேர்ந்தெடு’ வசதியில் பாஸ்க், ஐஸ்லாந்து என்று வடிகட்டுகிறோம். ஆன்செஸ்டர்1, ஆன்செஸ்டர்2 இரண்டிலும் வடிகட்டியைப் போட்டால், ஐபம்ஸ் இரண்டு நிபந்தனையும் ஒருசேரப் பொருந்துகிறவரை மட்டுமே தரும். கோப்பு ஏறக்குறையக் காலியாக வரும். முதல் பூர்வீகத்தில் மட்டும் போட்டாலோ, ‘நார்வேஜியர், ஐஸ்லாந்தியர்’ என்று எழுதியவர்கள் எல்லாரும் விடுபடுவார்கள். அது ஐஸ்லாந்தியரைத்தான் கூடுதலாகப் பாதிக்கும். சரியான வழி இரண்டு தனித்தனிக் கோப்புகள் கேட்பது: ஒன்றில் முதல் பூர்வீகத்துக்கு வடிகட்டி, மற்றதில் இரண்டாம் பூர்வீகத்துக்கு. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, மாதிரி, வீட்டு எண், ஆள் எண் மூன்றும் ஒத்துப்போகும் இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். ஒப்பீட்டுக்கு வேண்டிய மாநில மொத்தங்களைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

வருமானத்தில் அடுத்த பொறி. குடும்ப வருமானம் பொருந்தாத இடங்களில், உதாரணமாக விடுதிகளில் வாழ்கிறவர்களுக்கு, 9999999 என்று நிரப்பியிருப்பார்கள். இதைக் கோடீசுவரர் என்று கணினி நம்பிவிடும். நீக்காமல் சராசரி எடுத்தால் எண் வானத்துக்குப் போகும். இடைநிலை, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் எண், எடுத்தாலும் கொஞ்சம் நகரும். கூலி வருமானத்தில் இதே வேலையை 999999 செய்யும். வறுமை விகிதத்தில் 0 என்பது பொருந்தாது என்று பொருள், பரம ஏழை என்றல்ல. 501 என்பது வறுமைக்கோட்டைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். கணக்கெடுப்புத் துறையின் மூலக் கோப்பையே நேரடியாக இறக்குகிறவர்கள் வருமானத்தை ஏடிஜேஐஎன்சி என்ற திருத்த எண்ணால் பெருக்கி 10,00,000-ஆல் வகுக்க மறக்கக் கூடாது. ஐபம்ஸின் 5 ஆண்டுக் கோப்பில் தொகைகள் ஏற்கெனவே கடைசி ஆண்டின் டாலர் மதிப்புக்கு மாற்றப்பட்டிருக்கும்.

குடும்ப வருமானத்தை ஆள்வாரியாக எண்ணாதீர்கள். ஐந்து பேர் உள்ள பாஸ்க் வீடு ஐந்து முறை கணக்கில் ஏறிவிடும். வீட்டுத்தலைவர் யாரோ அவருடைய பூர்வீகத்தை வீட்டின் பூர்வீகமாகக் கொண்டு, வீட்டு எடையைப் பயன்படுத்துங்கள். படிப்பை 25 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் பாருங்கள்.

இப்போது கையில் எவ்வளவு பதிவு இருக்கும்? அறுபதாயிரம் பேரில் 5 சதவீதம் என்றால் மூவாயிரம். நாடு முழுவதுக்குமான ஒப்பீட்டுக்கு இது போதும். மாநிலத்துக்கு இறங்கினால் கதை வேறு. 2000-இல் ஐடஹோவில் பாஸ்க் வம்சாவளியினர் 6,637 பேர், நெவாடாவில் 6,096, கலிஃபோர்னியாவில் 20,868. ஐடஹோ எண்ணில் 5 சதவீதம் 330 பதிவு. 25 வயதுக்கு மேல் என்று வெட்டினால் இருநூற்றுச் சொச்சம். 220 பதிவில் 40 சதவீதம் பட்டதாரிகள் என்று வந்தால், எளிய கணக்கிலேயே பிழை வரம்பு ஐந்தரைப் புள்ளி. ஒரே வீட்டில் அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளை என்று பலர் மாதிரியில் வருவதால் உண்மையில் இன்னும் கூடும். அதனால்தான் 80 மறு எடைகள். ஒவ்வொரு மறு எடையாலும் சதவீதத்தைத் திரும்பக் கணக்கிட்டு, மூல விடையிலிருந்து விலகும் அளவை வர்க்கமாக்கி, எண்பதையும் கூட்டி, 4/80-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் திட்டப் பிழை. அதை 90 சதவீத நம்பக அளவுக்குரிய 1.645-ஆல் பெருக்கினால் பிழை வரம்பு.

ஒப்பிடும் முறைக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஒரு குழு 42 சதவீதம், கூட்டியோ குறைத்தோ 6, மற்றது 36, கூட்டியோ குறைத்தோ 7. திட்டப் பிழைகள் 3.65, 4.26. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.6. வித்தியாசம் 6-ஐ 5.6-ஆல் வகுத்தால் 1.07. அது 1.645-ஐ எட்டவில்லை. ஆறு புள்ளி வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் இந்த மாதிரியை வைத்து யார் மேல் என்று சொல்ல முடியாது.

பிழை வரம்பைத் தாண்டிய வித்தியாசம் கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது. பாஸ்க் வம்சாவளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலிஃபோர்னியாவில். ஐஸ்லாந்தியரில் கணிசமானோர் வடக்கு டகோட்டா, மினசோட்டா, யூட்டா. கலிஃபோர்னியாவில் சம்பளமும் அதிகம், வீட்டு விலையும் அதிகம், சொந்த வீட்டு விகிதம் குறைவு. நாடளாவிய இடைநிலை வருமானத்தை நேருக்கு நேர் வைத்தால் நாம் ஒப்பிடுவது இரு மாநிலத்துச் சம்பள மட்டத்தைத்தான். நான் பரிந்துரைப்பது இரண்டு படி: ஐடஹோ பாஸ்க் மக்களை ஐடஹோ மாநிலத்தார் அனைவரோடும், வடக்கு டகோட்டா ஐஸ்லாந்தியரை வடக்கு டகோட்டாவினர் அனைவரோடும் ஒப்பிட்டு விகிதம் எடுங்கள். பிறகு அந்த விகிதங்களை ஒன்றோடொன்று வையுங்கள். வயதையும் சரிசெய்ய வேண்டும்: 25–44, 45–64, 65-க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து, இரு குழுவுக்கும் ஒரே வயதுப் பங்கீட்டைப் போட்டுக் கூட்டுங்கள். ஓய்வுபெற்றவர் அதிகமுள்ள குழுவில் வருமானம் குறைந்தும் சொந்த வீடு கூடியும் தெரிவது வயதின் வேலை.

பிறந்த நாட்டு மாறியையும் விடாதீர்கள். ஐஸ்லாந்தில் பிறந்தவர் என்றால் மாணவர், தொழில்நுட்பர் மட்டுமல்ல. ஐஸ்லாந்தின் கெஃப்லவிக்கில் 1951 முதல் 2006 வரை அமெரிக்கப் படைத்தளம் இருந்தது. படைவீரரை மணந்து வந்த பெண்கள் இந்தக் குழுவில் உண்டு. டகோட்டா விவசாயியின் கொள்ளுப்பேத்தியும் இவர்களும் ஒரே வரியில் கலந்தால் சராசரிக்குப் பொருள் இல்லை. பாஸ்க் பக்கத்தில் ஸ்பெயின், பிரான்ஸ் பிறப்பு ஒன்று, அமெரிக்கப் பிறப்பு ஒன்று, லத்தீன் அமெரிக்க நாடுகளில் பிறந்த பாஸ்க் குடும்பத்தார் இன்னொன்று. மூன்றாகப் பிரியுங்கள். ‘ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர்’ என்ற வடிகட்டியைப் பழக்கத்தில் போட்டுவிடாதீர்கள். ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் குடும்பங்களில் சிலர் ஹிஸ்பானிக் கட்டத்தில் குறியிடுகிறார்கள், அவர்கள் சத்தமில்லாமல் மறைந்துபோவார்கள்.

எல்கோவை மட்டும், பெம்பினாவை மட்டும் தனியே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நுண்தரவு உதவாது. அதன் மிகச்சிறிய இட அலகான பியூமா குறைந்தது 1,00,000 பேர் கொண்டது. 2020-இல் எல்கோ கவுண்டியில் 53,702 பேர், பெம்பினாவில் 6,844 பேர். இரண்டும் அண்டைக் கவுண்டிகளோடு சேர்ந்துதான் வரும். 2022 முதல் பியூமா எல்லைகளும் மாறியுள்ளதால், இடையில் விழும் 5 ஆண்டுக் கோப்புகளில் பழைய எல்லை, புதிய எல்லை இரண்டும் கலந்திருக்கும்.

ஐஸ்லாந்து வம்சாவளியை அமெரிக்க எல்லையோடு நிறுத்துவது இந்த இரு தளங்களின் ஆகப்பெரிய குறை. 1875-இல் மானிட்டோபாவின் கிம்லியில் ‘புதிய ஐஸ்லாந்து’ தொடங்கியது முதல் இந்தச் சமூகத்தின் மையம் கனடாதான். அங்கே 2016 கணக்கெடுப்பில் ஐஸ்லாந்துப் பூர்வீகம் எழுதியவர்கள் 1,01,795 பேர். அமெரிக்காவின் 2000 எண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேல். கனடியப் புள்ளியியல் துறையின் அட்டவணைகள் நீண்ட படிவத்திலிருந்து வருபவை; நான்கில் ஒரு வீட்டுக்கு அது போகிறது, எண்கள் 5-இன் மடங்காக முழுமையாக்கப்பட்டிருக்கும். 2011 தரவை மட்டும் எச்சரிக்கையோடு தொடுங்கள். அந்த ஆண்டு நீண்ட படிவத்துக்குப் பதில் விருப்பப்பட்டால் நிரப்பும் ஆய்வு நடந்தது. 2021-இல் கேள்வியின் எடுத்துக்காட்டு முறையும் மாறியதால் 2016-ஓடு நேரடியாக ஒப்பிட வேண்டாம்.

ஐபம்ஸ் தயாரித்துத் தரும் கோப்பு 72 மணி நேரமே தளத்தில் இருக்கும். தரவோடு குறியீட்டு விளக்கக் கோப்பையும் அன்றே இறக்கி, இரண்டையும் ஒரே உறையில், எந்தெந்த வடிகட்டி போட்டீர்கள் என்ற குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து 005 யார், 049 யார் என்று தேட வேண்டியிருக்காது.